இடது முன் மட்கார்டு

பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். போன் செய்தால் உங்களுக்குக் காது கேட்காது. அண்ணியிடம் சொல்லி, அண்ணி உங்களிடம் கத்திச் சொல்வதற்குள் பாதி விஷயம் மாறிப்போகும். அதனால்தான் கடிதம். இங்கே படகு கட்டும் இடத்தில் வேலை. எல்லாம் ஃபைபர் படகுகள். நாள் முழுக்க ரெசின் வாடையில் நிற்கிறேன். தங்கும் அறையில் நாலு கட்டில், ஒரு ஜன்னல், அதுவும் திறக்காது.

எழுத வந்த விஷயம் வேறு. நம் பழைய பச்சைக் காருக்கு, மட்கார்டை அகலமாக்க நீங்கள் அச்சு எடுத்து வார்த்து வைத்த நாலு ஃபைபர் இறக்கைகள் பட்டறைப் பரணில் கிடக்கின்றன அல்லவா? அவற்றை மாட்டிவிடுங்கள். நான் ஆசைப்பட்டு வாங்கிப் போட்ட அகல டயர்களும் அங்கேதான் இருக்கின்றன. இறக்கை இல்லாமல் அந்த டயரை மாட்டினால் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் என்று நீங்கள் சொன்னது சரிதான். நான்தான் வீம்பு பிடித்தேன். மட்கார்டை வெட்டக்கூடாது என்று முன்பு சொன்னதையெல்லாம் மறந்துவிடுங்கள்.

இடது முன்பக்கத்தில் தொடங்குங்கள். சீக்கிரம் செய்தால் நல்லது. அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும்.

தம்பி

பிப்ரவரி 27

டேய் தம்பி,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு அண்ணியிடம் கொடுத்தேன், காதோடு கண்ணும் போய்விட்டதோ என்ற சந்தேகத்தில். ரேடியோ கம்பி வைக்க அந்த வண்டியில் ஒரு ஓட்டை போடட்டுமா என்று கேட்டதற்கு வாரக்கணக்கில் என்னோடு பேசாமல் இருந்தவன் நீ. இறக்கையை வார்த்து எடுத்துக் காட்டிய அன்று, "முதல்ல என்னை வெட்டுங்க, அப்புறம் தகட்டை வெட்டுங்க" என்று வண்டியின் குறுக்கே நின்றாய். நம் இரண்டு பேர் வயதையும் கூட்டினால் வருகிற வயது அந்த வண்டிக்கு, அதன் தகடு மாதிரி இனி எவனும் அடிக்க மாட்டான் என்று எனக்கே பாடம் எடுத்தாய். இப்போது வெட்டு என்கிறாய். அங்கே வெயில் அதிகமா?

எப்படியோ, எனக்குச் சந்தோஷம்தான். பரணிலிருந்து இறக்கிவிட்டேன். ஒன்றில் எலி குட்டி போட்டிருந்தது. அண்ணி அதைத் தொடவே மாட்டேன் என்றாள், நான்தான் கழுவினேன்.

வேலை உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன், நீ பாதிப் பாடத்தில் ஓடிப்போகிறவன். இறக்கையை வைத்துப் பார்த்து, விளிம்போரம் கோடு போட வேண்டும். அந்தக் கோட்டிலேயே வெட்டக்கூடாது. நாலு விரல் தகட்டை விட்டுக் கீழே வெட்ட வேண்டும். அந்த நாலு விரல்தான் ஃபைபர் பிடிக்கிற இடம். அங்கே பெயிண்டு, குழி அடைத்த பட்டி எல்லாம் போய்த் தகடு வெள்ளையாகத் தெரிய வேண்டும். இறக்கையின் உள்பக்கம் அச்சு மெழுகு ஒட்டியிருக்கும், அதையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். மெழுகு துளி இருந்தாலும் ஓட்டத்தில் கழன்று சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும்.

இடது முன்பக்கத்தில் தொடங்கு என்று எனக்கு உத்தரவு போடுகிறாய். முடியாது. பின்பக்கம் முதலில். கை பழகிய பிறகுதான் முகத்துக்கு வர வேண்டும். இடது முன்பக்கம் கடைசி, ஏனென்றால் நடைபாதையில் போகிறவன் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

ஒரு கெட்ட செய்தி. நம் தையல் அக்கா போய்விட்டார்கள். விடியற்காலையில் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது ஏதோ வண்டி அடித்துவிட்டுப் போனதே, அதிலிருந்து கண்ணைத் திறந்தார்களே தவிரப் பேசவே இல்லை. அது நடந்தபோது நானும் அண்ணியும் அண்ணியின் அக்கா வீட்டில் இருந்தோம். நீதான் தெருவில் இருந்தாய், நீயும் போய்ப் பார்க்கவில்லை, பெட்டி கட்டுகிற மும்முரம் உனக்கு. திரும்பி வந்ததும் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள். பாவம், என்ன வலியோ. உன் வண்டியின் இரண்டு சீட்டுக்கும் உறை தைத்துக் கொடுத்தது அந்தக் கைதான். தோலில் தையல் போடும்போது ஊசி உடைந்து உன்னைத் திட்டியது ஞாபகம் இருக்கிறதா?

பால் வண்டி டிரைவரைப் பிடித்துப்போய் உள்ளே வைத்துவிட்டார்கள். நம் கடிகாரத்தைத்தான்! நேரம் தப்பாமல் வருகிறவன் என்று தெருவே அந்தப் பெயரை வைத்ததால் அதே நேரம்தான் அவனுக்கு வினையாகிவிட்டது. அவன் வண்டியின் இடது விளக்கு உடைந்திருந்ததாம், அதுதான் சாட்சியாம். அந்த விளக்கு அதற்கு முந்தின வாரமே உடைந்தது, மாற்றித் தரச் சொல்லி என்னிடம்தான் வந்தான், நான்தான் பிறகு வா என்று அனுப்பினேன். ஸ்டேஷனில் போய் இதைச் சொன்னேன். "பெரியவரே, உங்க காதுக்கு மருந்து போடுங்க" என்று ஒரு போலீஸ்காரர் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது.

அண்ணன்

மார்ச் 8

அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பின்பக்கமோ முன்பக்கமோ, உங்கள் இஷ்டம். ஆனால் இடது முன்பக்கத்தை இழுத்துப்போடாதீர்கள். அங்கே பெயிண்டைச் சுரண்டிக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், வெட்டினால் அந்த இடம் போகத்தானே போகிறது? கொஞ்சம் தாராளமாகவே வெட்டுங்கள். வெட்டின துண்டுகளைப் பட்டறையில் சேர்த்து வைக்காதீர்கள், அண்ணிக்குக் காலில் கிழிக்கும். பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடுங்கள்.

இங்கே வேலை அதிகம். கை முழுக்க ஃபைபர் தூள் அரிக்கிறது.

தம்பி

மார்ச் 19

தம்பி,

பின்பக்கம் இரண்டும் முடிந்தது. வலது முன்பக்கமும் முடிந்தது. ரிவெட் அடித்து, உள்ளிருந்து ரெசினும் ஃபைபர் மேட் துணியும் போட்டு, மேலே பட்டி பார்த்துத் தேய்த்து, பெயிண்டும் அடித்தாகிவிட்டது. எது தகடு, எது ஃபைபர் என்று எனக்கே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன், இணைப்பு விரலில் தட்டவில்லை. அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பருத்துப்போன மாதிரி இருக்கு" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்?

போன கடிதத்தில் அக்காவைப் பற்றி இவ்வளவு எழுதியிருந்தேன். நீ ஒரு வரி எழுதவில்லை. அண்ணிக்கு அது மனசுக்கு என்னவோ போல் இருந்தது. அவனுக்கு என்ன கவலையோ என்று நான்தான் உனக்காகப் பேசினேன்.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல்.

நேற்று இடது முன்பக்கத்தில் இறக்கையை வைத்துக் கோடு போட்டேன். நீ சுரண்ட வேண்டாம் என்றாய், நான் சுரண்டினேன். மெழுகு இருக்கிற இடத்திலும் பெயிண்டு இருக்கிற இடத்திலும் ஃபைபர் ஒட்டாது என்று தெரிந்தவன் எப்படிச் சுரண்டாமல் இருப்பான்? பச்சைக்கு அடியில் பட்டி வந்தது. நான் போட்ட பட்டி இல்லை. என் பட்டறையில் அந்த வண்டிக்குப் பட்டியே போட்டதில்லை. இறுக வைக்கிற ஹார்ட்னர் அதிகமாகிச் சிவந்துபோய், ஓட்டை ஓட்டையாக, பெயிண்டைக்கூட எடுக்காமல் அதன் மேலேயே அப்பியிருக்கிறது. உப்புத்தாள் கோடுகள் எல்லாம் இடக்கைக்காரன் தேய்த்த மாதிரி சாய்ந்திருக்கின்றன. மற்ற மூன்று இறக்கைக்கும் அடிக்க எடுத்தபோதே ரேக்கில் பச்சைப் பெயிண்டு டப்பா பாதிக்கு மேல் காலி.

நம் பட்டறையில் இடக்கைக்காரன் யார்? நானா, அண்ணியா?

அண்ணன்

மார்ச் 27

அண்ணாவுக்கு,

உங்களிடம் சொல்ல வெட்கப்பட்டுத்தான் சொல்லவில்லை. நீங்கள் ஊரில் இல்லாதபோது வண்டியை வெளியே எடுத்தேன். பழைய தொழிற்சாலை கேட்டில் திருப்பும்போது கல் தூணில் இடித்துவிட்டேன். நீங்கள் பார்த்தால் பட்டறையே அதிரும்படி கத்துவீர்கள் என்று நானே பட்டி போட்டேன். அவ்வளவுதான். இதற்குப் போய் விசாரணை நடத்துகிறீர்கள்.

வெட்டிப் போட்டுவிட்டு இறக்கையை மாட்டுங்கள் அண்ணா. எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

தம்பி

ஏப்ரல் 5

தம்பி,

உன் பட்டி முழுவதையும் எடுக்கவில்லை. பாதி எடுத்தேன், அது போதும்.

கல் தூணில் இடித்தால் தகடு எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். கல் பட்டால் கிழியும், கோடு விழும், ஓரத்தில் மடிப்பு வரும். இது கோடு இல்லை, மடிப்பும் இல்லை. முகப்பு விளக்குக்குப் பக்கத்தில், மெத்தென்று உள்ளே போன குழி. என் கையை உள்ளே வைத்தேன், அடங்கிவிட்டது. இந்த மாதிரிக் குழியை நான் இதற்கு முன்னாலும் பார்த்திருக்கிறேன். டாக்சிக்காரர் ஒருவர் ஆளை அடித்துவிட்டு ஸ்டேஷனில் வண்டியைக் காட்டிவிட்டு நம்மிடம் கொண்டுவந்தாரே, அப்போது நீ பக்கத்தில்தான் நின்றாய். "கல்லு கிழிக்கும், உடம்பு குழிக்கும்" என்று அன்றைக்குச் சொன்னேன். நீ சாப்பிடாமல் எழுந்து போனாய்.

அதை எப்படி மறந்தாய்? இல்லை, நான் பார்க்க மாட்டேன் என்று நினைத்தாயா? என் காதுதான் போயிற்று, கையும் கண்ணும் இருக்கின்றன.

அக்கா ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று இப்போது புரிகிறது. வலியில் திருப்பிக்கொள்ளவில்லை. தான் உறை தைத்துக் கொடுத்த வண்டி எது என்று அவர்களுக்குத் தெரியாதா? அந்த வண்டிக்காரனின் அண்ணன் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "யாருக்கா இப்படிப் பண்ணினது?" என்று கேட்டிருக்கிறேன். அது புரிந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அண்ணியிடம் சொல்லவில்லை. நான் கிரைண்டரைத் தொடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உடம்பு சரியில்லையா என்கிறாள்.

கடிகாரத்தின் மனைவி கைக்குழந்தையோடு தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்குகிறாள், யாராவது பார்த்தீர்களா என்று கேட்டு. பட்டறைக்கும் வந்தாள். வண்டி மேல் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டுத்தான் அவளிடம் பேசினேன். மூன்று பக்கம் இறக்கையோடும் ஒரு பக்கம் மொட்டையாகவும் நிற்கிற வண்டியைப் பார்த்தால் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனாலும் மூடினேன்.

இடது முன்பக்கம் அப்படியேதான் இருக்கிறது. நான் வெட்ட மாட்டேன். நீ கிளம்பி வா. வந்து ஸ்டேஷனுக்குப் போ. நான் கூட வருகிறேன். வராவிட்டால் என்ன செய்வேன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

அண்ணன்

ஏப்ரல் 14

அண்ணா,

வேண்டும் என்று செய்யவில்லை. இருட்டாக இருந்தது. வேகமாகத்தான் வந்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஷட்டர் தூக்குகிறவர் பின்னால் நகர்ந்து ரோட்டுக்கு வருவார் என்று யாருக்குத் தெரியும்?

நான் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? அக்கா திரும்பி வரப்போகிறார்களா? அப்பா அம்மா போன பிறகு பட்டறையில் தொட்டில் கட்டி என்னை வளர்த்ததாக நீங்களே எல்லோரிடமும் சொல்வீர்கள். அந்தக் கையாலேயே என்னைப் பிடித்துக் கொடுப்பீர்களா? டிரைவருக்குக் கம்பெனி இருக்கிறது, வக்கீல் வைப்பார்கள், சாட்சி இல்லாமல் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? அவன் வெளியே வந்துவிடுவான். நான் உள்ளே போனால் வர மாட்டேன்.

படகுக்கு மேட் போடும்போது ரெசினைத் தரையில் கொட்டிவிடுகிறேன். மேஸ்திரி குடிக்கிறாயா என்று கேட்கிறார். அறையில் விளக்கை அணைக்க விட மாட்டேன் என்று மற்றவர்களோடு சண்டை. அண்ணா, எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்டிவிடுங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 24

அண்ணா,

வெட்டாதீர்கள்.

போன கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். போன் செய்யலாம் என்றால் இதை அண்ணியிடம்தான் சொல்ல வேண்டும், அது என்னால் முடியாது. அதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்ததிலிருந்து ஒரே ஒரு விஷயம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கா உங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று எழுதினீர்கள். அது எனக்குச் சேர வேண்டியது. நான் போகாததால் நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள்.

உங்களிடம் எழுதாத ஒன்று இருக்கிறது. நான் நிறுத்தினேன் அண்ணா. நிறுத்தி இறங்கிப் போனேன். அக்காவுக்கு நினைவு இருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. "தம்பி, கையைப் புடி" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். ஏன்டா இடித்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. நான் கையை நீட்டினேன், தெருமுனையில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது, கையை இழுத்துக்கொண்டு ஓடிவந்து வண்டியில் ஏறிவிட்டேன். அந்த வெளிச்சம் கடிகாரத்தின் பால் வண்டி. ஒற்றை விளக்கு. அவன் நிறுத்தி, அக்காவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். தூக்கிக்கொண்டு போனவனைத்தான் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

சம்பளக் கணக்கை முடிக்கச் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்த கொஞ்ச நாளில் நானும் வந்துவிடுவேன். அந்தக் குழி அப்படியே இருக்கட்டும். அதைக் காட்டித்தான் நான் பேச வேண்டும். தொடாதீர்கள்.

தம்பி

ஏப்ரல் 25

தம்பி,

முடிந்துவிட்டது. நீ கேட்டபடியே செய்துவிட்டேன்.

உன் 14ஆம் தேதிக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. தொட்டில் கதைக்குக்கூட இருந்தது. பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் பதில் இல்லை. சின்னப் பிள்ளையில் இடி இடித்தால் என் மேல் வந்து ஏறிக்கொள்வாய், அந்தக் கனம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. நான் என்ன மனுஷன் என்று தெரியவில்லை. கிரைண்டரை எடுத்தேன்.

கடிகாரத்துக்கு வக்கீல் வைத்திருக்கிறார்கள், வெளியே வந்துவிடுவான் என்று பேசிக்கொள்கிறார்கள். யார் பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்காதே. எனக்குள் நான்தான் பேசிக்கொள்கிறேன்.

வெட்டிய துண்டு பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது. அவன் லாரி அன்றைக்கே உருக்காலைக்குக் கிளம்பிவிட்டது, நான் நின்று பார்த்தேன். இறக்கை உட்கார்ந்த விதம் மற்ற மூன்றையும்விட அழகு. அகல டயர் மாட்டி, ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பார்த்தேன், எங்கும் உரசவில்லை. வெயிலில் நிறுத்தினால் கண்ணாடி மாதிரி இருக்கிறது. இவ்வளவு நல்ல வேலை என் கையில் இதுவரை வந்ததில்லை. அதைப் பார்க்கப் பிடிக்காமல் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டேன்.

ஒரு இடத்தில் மட்டும் தப்பான வேலை செய்திருக்கிறேன். வெட்டுக்கு மேலே விடுகிற நாலு விரல் தகட்டில் குழியின் மேல் ஓரம் கொஞ்சம் மிச்சம் இருந்தது, உன் பட்டியோடு. அதைச் சுரண்டித் தகட்டை வெள்ளையாக்கித்தான் ஃபைபர் ஒட்ட வேண்டும். சுரண்டவில்லை. அப்படியே வைத்து மூடினேன். ஏன் என்று தெரியாது. கை வரவில்லை.

இனி எனக்கு எழுதாதே, கொஞ்ச நாளைக்கு.

அண்ணன்

மே 9

அண்ணா,

பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள லாட்ஜிலிருந்து எழுதுகிறேன். பட்டறைக்கு நடந்து வரும் தூரம்தான். வர மாட்டேன்.

என் கடிதம் உங்களுக்கும் உங்கள் கடிதம் எனக்கும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நீங்கள் எழுதியதை நான் கிளம்புகிற அன்று காலையில்தான் படித்தேன். படித்த பிறகும் கிளம்பினேன்.

இன்று ஸ்டேஷனில் எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொள்ளக்கூட இல்லை. டிரைவர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டானாம். எப்படிப் போட்டான் என்பது அவன் நடக்கிற நடையில் தெரிகிறது. விசாரணைக்கென்று ஜெயிலிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள், ஜன்னல் வழியாகப் பார்த்தேன், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறான். கம்பெனி வக்கீல் எவரும் இல்லை. "அவனுக்கு நீ என்ன வேணும், சொந்தமா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். வண்டியைக் காட்டுகிறேன் என்று கெஞ்சித்தான் அவரைப் பட்டறைக்கு அழைத்து வந்தேன்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், நீங்கள் படிக்க வேண்டும் என்பதற்காக. தார்ப்பாயை எடுத்தார். இடது முன்பக்கத்தைத் தடவினார். உள்ளே குனிந்து டார்ச் அடித்தார். "ஒரு இணைப்பும் தெரியலையே. யாரு கை இது? பிரமாதமான வேலை" என்றார். இந்த இறக்கையை மாட்டியது நான்தான், அண்ணனுக்கு எதுவும் தெரியாது என்றேன். என் கையைத் திருப்பிப் பார்த்து, "இந்தக் கையா?" என்று சிரித்தார். பிறகு உங்களிடம் கேட்டார். "பெரியவரே, இங்க அடி எதாவது இருந்துச்சா, பார்த்தீங்களா?"

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். காதில் கையை வைத்துக்கொண்டு, "கேக்கல சார்" என்றீர்கள்.

அவர் இன்னும் சத்தமாகக் கேட்டார். "கேக்கல சார்" என்றீர்கள் மறுபடியும்.

அவர் கேட்டதில் ஒவ்வொரு சொல்லும் உங்களுக்குக் கேட்டது. அவர் வாயைப் பார்த்துக்கொண்டுதான் நின்றீர்கள். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தீர்கள். நான் காப்பாற்றச் சொல்லவில்லையே அண்ணா, இந்தத் தடவை. வண்டியில் திரும்பும்போது இன்ஸ்பெக்டர் என்னிடம் நல்லபடியாகத்தான் பேசினார். "உங்க அண்ணன் வந்து சொன்னா பார்க்கலாம். ஆனா சொன்னா தடயத்தை அழிச்சதுக்கு அவரும் உள்ள போகணும். வயசானவரு. யோசிச்சுக்கோ" என்றார்.

யோசித்தேன். உங்களைக் கேட்க மாட்டேன். நாளை மறுபடி போய்ச் சொல்வேன். அடுத்த நாளும் போய்ச் சொல்வேன். அவர்கள் அடித்து விரட்டினாலும் சொல்வேன். நம்ப வைக்க முடியுமா என்று தெரியவில்லை.

இதை லாட்ஜ் வாசலில் இருக்கும் ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். அண்ணியிடம் நான் வந்திருப்பதைச் சொல்ல வேண்டாம்.

தம்பி

மே 10

தம்பி,

அண்ணிதான் இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறாள். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். அழுதாள், பிறகு என் சட்டைகளைத் துவைக்க எடுத்துப் போட்டாள், எத்தனை நாள் ஆகும் என்று தெரியாதே என்று. உனக்கும் ஒரு பை வைத்திருக்கிறாள். அவளிடம் முகம் கொடுத்துப் பேசு.

எனக்குக் கேட்டது. சரிதான். இன்ஸ்பெக்டர் என் வேலையைப் பார்த்துப் பிரமாதம் என்று சொன்னதும் கேட்டது. நாற்பது வருஷமாக எவனாவது அப்படிச் சொல்ல மாட்டானா என்று ஏங்கியவனுக்கு அது எங்கே கேட்டது பார். அந்த நேரம் பக்கத்தில் கிடந்த சுத்தியலை எடுத்து என் கையிலேயே போட்டுக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆனாலும், வெட்டாதே என்று நீ எழுதியதைப் படித்திருந்தும், உண்மையைச் சொல்லவில்லை. உன் முகம் அப்படி இருந்தது, இடிச்சத்தம் கேட்ட பிள்ளை மாதிரி. தப்பாகப் படித்துவிட்டேன். தகட்டைத்தான் எனக்குப் படிக்கத் தெரியும்.

காலையில் இடது முன் இறக்கையைக் கழற்றினேன். கழற்றினேன் என்ன, ஒட்டின ஃபைபர் கழன்றா வரும்? கிரைண்டர் வைத்து ஓரம் ஓரமாக அறுத்தேன். மற்ற இடத்தில் எல்லாம் தகட்டைப் பிய்த்துக்கொண்டுதான் வந்தது. உன் பட்டி இருந்த இடத்தில் மட்டும் கையால் இழுத்ததும் வந்துவிட்டது. பிடிக்கவே இல்லை. பிடிக்காது என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

அடியில் எல்லாம் இருக்கிறது. குழியின் மேல் ஓரம், நீ சிவக்கச் சிவக்கக் கலந்த பட்டி, உன் இடக்கைக் கோடுகள். முழுக் குழி இல்லை, அதை நான் உருக்க அனுப்பிவிட்டேன், அதையும் போய்ச் சொல்வேன். மிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து எப்படிக் குழிந்தது என்று நான் விளக்கினால் தகடு தட்டுகிற எந்த டிங்கருக்கும் புரியும், இன்ஸ்பெக்டருக்கும் புரியும். கடிகாரத்தின் விளக்கு எப்போது உடைந்தது என்பதையும் மறுபடி சொல்வேன். இந்தத் தடவை காதுக்கு மருந்து போடச் சொன்னால், போட்டுக்கொண்டு வந்து சொல்வேன்.

நாளைக் காலையில் ஸ்டேஷன் வாசலில் நில். உள்ளே போகாதே, தனியாகப் போனால் மறுபடியும் சிரிப்பார்கள். வண்டியை நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். மூன்று பக்கம் இறக்கை, ஒரு பக்கம் கடித்துத் துப்பின மாதிரி கிழிந்த மட்கார்டு, அதற்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற டயர். தெருவே வேடிக்கை பார்க்கும். பார்க்கட்டும்.

தையல் கடை வழியாகத்தான் வருவேன். நீ அன்றைக்கு நிறுத்திய இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்துவேன், அக்கா தைத்த சீட்டில் உட்கார்ந்தபடி. அதனால் தாமதமானால் பயப்படாதே. வந்துவிடுவேன்.

அண்ணன்